விழுங்கியவன் வீட்டில்

"இருமலே நின்னுபோச்சு. இன்னும் எதுக்குடா மாத்திரை?"

சித்தப்பா இப்படிக் கேட்டது காசநோய் சிகிச்சையின் மூன்றாவது மாதத்தில். மொத்தம் ஆறு மாதம் மருந்து. பசி திரும்பியிருந்தது, எடையும் கூடியிருந்தது. "டாக்டர் சொல்றார், சாப்பிடுங்க" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பதிலைத் தேடிப் போனபோது, கதை ஒரு நட்சத்திர மீனில் தொடங்கியது.

1882 டிசம்பர், சிசிலித் தீவின் மெஸ்ஸினா. ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவின் குடும்பம் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தது. வீட்டில் தனியாக இருந்தவர், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் லார்வாக்களின் உடலில் தோட்டத்து ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், நகரும் செல்கள் முள்ளை மொய்த்திருந்தன. உள்ளே நுழையும் அந்நியரை விழுங்கிச் செரிக்கும் செல்கள் நம் உடலிலும் உண்டு என்ற அவருடைய கொள்கை அங்கே உருவெடுத்தது. அந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதே 1882 மார்ச் 24 அன்றுதான் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே மெச்னிகோவின் முதல் மனைவி லுட்மிலா காசநோயில் இறந்துவிட்டிருந்தார். திருமணத்தன்றே நடக்க முடியாமல், நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர். அவரைக் கொன்ற கிருமி எந்த வகைச் செல்லில் குடியிருந்ததோ, அதே செல்லைத்தான் மெச்னிகோவ் உடலின் காவலன் என்று உலகத்துக்குச் சொன்னார்.

அந்தச் செல்லின் பெயர் மேக்ரோஃபேஜ். 'பெருந்தீனிக்காரன்' என்று பொருள். அது கிருமியைச் சவ்வுப் பை ஒன்றில் அடைத்து உள்ளே இழுக்கும். பிறகு லைசோசோம் என்ற இன்னொரு பை, அமிலமும் செரிமான நொதிகளுமாக வந்து அதோடு இணையும். கிருமி கரைந்துவிடும். கரைய வேண்டும்.

1971இல் லண்டனில் ஆர்ம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் இருவரும் மேக்ரோஃபேஜ்களுக்குக் காசநோய்க் கிருமிகளைக் கொடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செத்த கிருமி இருந்த பையோடு லைசோசோம் இணைந்தது. உயிருள்ள கிருமி இருந்த பைகளில் பெரும்பாலானவற்றோடு இணையவில்லை. அதாவது, கிருமி தப்பி ஓடவில்லை. உள்ளே இருந்துகொண்டே கதவைச் சாத்திவிட்டது. பைக்குள் அமிலத்தை ஏற்றும் புரதப் பம்புகளையும் அது வரவிடுவதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. என் தொழில் மொழியில் சொன்னால், ஆன்டிவைரஸின் குவாரன்டைன் ஃபோல்டரிலேயே வைரஸ் வாடகையில்லாமல் குடியிருக்கிறது.

இந்த டார்சி ஹார்ட், 1948இல் முடிவு வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை நடத்தியவர்களில் ஒருவர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. பெறாத 52 பேரில் 14. ஆனால் ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் கூட்டு மருந்துகள் வந்தன.

அடுத்த காட்சி நம்ம ஊர். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு சானடோரியம், இன்னொன்றுக்கு வீடு. இருவருக்கும் அதே மாத்திரைகள், ஓராண்டு. ஏழ்மையான, நெரிசலான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959இல் முடிவு வெளியானது. உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாக அது ஒரு காரணம். ஆனால் சுவர் போன இடத்தில் நோயாளியின் பொறுமை வந்து நிற்க வேண்டியிருந்தது. நன்றாக இருக்கிற உடம்போடு, தினமும், தானாகவே மாத்திரை விழுங்கும் பொறுமை.

ஏன் இத்தனை மாதம்? மருந்துகள் வேகமாகப் பெருகும் கிருமிகளைச் சில வாரங்களில் கொன்றுவிடுகின்றன, இருமல் அடங்குகிறது. செல்லுக்குள்ளும் தழும்பு முடிச்சுகளுக்குள்ளும் கிட்டத்தட்டத் தூங்குகிற மிச்சம் மெதுவாகத்தான் சாகும். பாதியில் நிறுத்தினால் அந்த மிச்சம் எழுந்துகொள்ளும்; சில சமயம் மருந்துக்கு அடங்காததாகவே எழும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ காவக்காரன் வீட்டுலயே திருடன் தூங்குறான்?"

"ஆமா சித்தப்பா. காவக்காரனுக்கே தெரியாம."

"தூங்குறவன அடிக்க ஆறு மாசமா..." என்று முனகிக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.