இடிப்பார் இருந்த அவை

நாடாள்வோனுக்குப் படையும் பொருளும் மட்டும் போதா. நெறி தவறும்போது கடிந்துரைக்கும் துணையும் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட அரசியல் உண்மை. அத்தகைய துணையைப் பெறாத மன்னன், பகைவர் எவரும் இல்லாவிடினும் தானே வீழ்வான் எனப் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கின்றார். ஆனால், கடிந்துரைப்பார் அவையிலேயே இருந்தும், அவர் சொல்லைத் தலைவன் பொறுமையுடன் கேட்டும், ஒரு நாடு பெரும்போரில் இறங்கிய வரலாறும் உண்டு. 1965ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வாஷிங்டனில் அது நிகழ்ந்தது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வியத்நாம் போரை விரும்பி ஏற்றவர் அல்லர். 1964 மே 27 அன்று தம் ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியுடன் அவர் தொலைபேசியில் பேசிய பேச்சு ஒலிப்பதிவாக உள்ளது. இந்தப் போர் போரிடத் தக்கதன்று. ஆயினும் விலகும் வழியும் தெரியவில்லை என்று அதில் அவர் மனம் குமைகின்றார். தம் இல்லத்தில் பணிபுரிந்த ஒரு சார்ஜண்டைக் குறிப்பிட்டு, ஆறு குழந்தைகளுக்குத் தந்தையான அவரை எதற்காக அங்கே அனுப்புவது என்றும் வினவுகின்றார். போர் என்பது அன்று அவர் கண்ணுக்கு ஒரு மனிதனின் முகமாகத் தெரிந்தது.

அடுத்த பதினான்கு மாதங்களில் அந்த முகம் மறைந்து எண்கள் வந்தன. 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாத் தீர்மானம் நிறைவேறியது. செனட்டில் எதிர்த்து வாக்களித்தோர் இருவரே. 1965 மார்ச்சில் வடவியத்நாமின்மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. மார்ச் 8 அன்று கடற்படைக் காலாட்கள் டா நாங்கில் கரையிறங்கினர். ஜூன் 7 அன்று தளபதி வெஸ்ட்மோர்லாண்டு 44 பட்டாலியன்கள் வேண்டுமெனக் கேட்டார். பாதுகாப்புச் செயலாளர் ராபர்ட் மக்னமாரா அக்கோரிக்கையை ஆதரித்தார்.

ஜூலை 21 அன்று வெள்ளை மாளிகையில் அவை கூடியது. வெளியுறவுத் துறைத் துணைச் செயலாளர் ஜார்ஜ் பால் ஒருவரே வெளிப்படையாக மறுத்தார். இந்தப் போரில் வெற்றி கிட்டாது, போர் நீளும், இழப்புப் பெருகும், இப்போதே இழப்பைக் குறைத்துக்கொண்டு விலகுதலே அறிவுடைமை என்றார். மூன்று தலைவர்கள் அளித்த வாக்கை மீறினால் உலகம் நம்மை நம்புமா எனக் கேட்டார் ஜான்சன். வலிமை மிக்க வல்லரசு ஒரு சிறு கொரில்லாப் படையை வெல்ல இயலாமல் நிற்பதே அதைவிடப் பெரிய இழிவு என்று விடையிறுத்தார் பால். தூதர் ஹென்றி காபட் லாட்ஜ் மியூனிக்கை நினைவூட்டினார். வெளியுறவுச் செயலாளர் டீன் ரஸ்க், கொடுத்த உறுதியைக் காப்பதே முதன்மை என்றார். பாலின் வாதத்துக்குத் தனியே நேரம் ஒதுக்கப்பட்டது, மரியாதையுடன் கேட்கப்பட்டது, பின்னர் ஒதுக்கி வைக்கப்பட்டது.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அவை கூடுவதற்கு நான்கு நாள் முன்னரே, ஜூலை 17 அன்று, சைகோனில் இருந்த மக்னமாராவுக்குத் துணைச் செயலாளர் சைரஸ் வான்ஸ் தந்தி அனுப்பியிருந்தார். 34 அமெரிக்கப் பட்டாலியன்களை அனுப்புவதே தலைவரின் அப்போதைய எண்ணம் என்பது அதன் பொருள். எனவே பாலின் சொல் முடிவெடுக்க உதவும் அறிவுரையாக அன்று. எல்லாப் பக்கமும் கேட்டாயிற்று என்னும் மனநிறைவைத் தரும் சடங்காகவே பயன்பட்டது எனலாம்.

ஏன் இப்படி நிகழ்ந்தது? சீனத்தை 'இழந்தவர்' என்று 1949க்குப் பின் ட்ரூமன்மீது சுமத்தப்பட்ட பழி ஜான்சனின் நினைவில் உறைந்திருந்தது. தோல்வியென்று ஒப்பினாலும் சரி, முழுப்போர் என்று அறிவித்தாலும் சரி, தம் சமூகச் சீர்திருத்தச் சட்டங்கள் மாமன்றத்தில் சிதையும் என அவர் அஞ்சினார். ஆகவே இரண்டு சொற்களையும் தவிர்த்தார். ஜூலை 28 நண்பகலில், செய்தியாளர் கூட்டத்தில், படைபலம் 75,000இலிருந்து 1,25,000 ஆக உயரும். மேலும் தேவைப்படின் அனுப்பப்படும் என்று மட்டும் சொன்னார். மக்னமாரா பரிந்துரைத்தபடி ரிசர்வ் படையினரை அழைக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு ஏப் ஃபோர்ட்டாஸைப் பரிந்துரைத்ததும் அதே கூட்டத்தில்தான் அறிவிக்கப்பட்டது. இரு நாள் கழித்து முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலும், ஆகஸ்டு 6 அன்று கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்திலும் அதே கை ஒப்பமிட்டது. அறத்தைக் காக்கவென்றே போரை மறைத்தார். மறைத்த போரோ அவர்தம் அறப்பணிக்குரிய பொருளையும் மக்களின் நம்பிக்கையையும் உண்டது.

1968 தொடக்கத்தில் டெட் தாக்குதலுக்குப் பின் மேலும் 2,06,000 வீரர் கேட்கப்பட்டனர். 1965 ஜூலையில் விலகுமாறு தனிமையில் எச்சரித்த கிளார்க் கிளிஃபர்டு இப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்து அதனை எதிர்த்தார். அப்போது களத்தில் நின்ற அமெரிக்கர் ஐந்து இலட்சத்தைக் கடந்திருந்தனர். மார்ச் 31 அன்று குண்டுவீச்சைக் குறைப்பதாக அறிவித்த ஜான்சன், தாம் மீண்டும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் சொன்னார். போர் முடிந்தபோது இறந்த அமெரிக்கர் 58,000க்கும் மேற்பட்டோர். வியத்நாமியரோ பல இலட்சம். தாம் செய்தது பெருந்தவறு என 1995இல் மக்னமாரா நூலாகவே எழுதினார். முப்பதாண்டுகளுக்கு முன்னர் அதே மேசையில் பால் சொன்னதும் அதுவே.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாறு வைக்கும் கேள்வி எளியதன்று. உண்மை அங்கே சொல்லப்பட்டது. தெளிவாகவும் துணிவாகவும் சொல்லப்பட்டது. ஆனால் அது மூடிய அறைக்குள் சொல்லப்பட்டது. வெளியே மக்கள் கேட்டதோ ஓர் எண்ணை மட்டுமே. 'பட்டாலியன்' என்னும் சொல்லுக்குள் ஆறு குழந்தைகளின் தந்தை நிற்கிறார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட அன்று அவ்வறையிலிருந்து எவரும் வெளியே வரவில்லை.