எட்டப்பன்: ஏறிய பெயரும் இறங்கிய பெயரும்

விளாத்திகுளத்திலிருந்து எட்டயபுரம் போகிற கரிசல் வழியில், சொல்லின்பம் அறிந்த நண்பரே, ஒரு பெயரைச் சற்றே நிறுத்தி உச்சரித்துப் பாருங்கள்: எட்டப்பன். எட்டும் அப்பனும் சேர்ந்தது, அவ்வளவுதான். உகரம் கெட, டகர இரட்டிப்பை அடுத்துப் பகர இரட்டிப்பும் வந்து விழுகிறது. மெல்லின இரட்டிப்பு ஒன்றுமில்லை. இதே கட்டடம் கொண்ட 'கட்டபொம்மன்' என்னும் பெயரில் டகர இரட்டிப்புக்குப் பின் மகர இரட்டிப்பு வந்து ஓசையைக் குழைத்துவிடும். மேடையில் ஒன்றை வாழ்த்தவும் மற்றொன்றை உமிழவும் நாக்குக்கு எளிதாக அமைந்ததில் இந்த ஓசைக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

பொருளோ நேர்மாறானது. எட்டயபுரம் பாளையக்காரர்களின் மரபுக்கதைப்படி, அவர்களின் முன்னோர் ஒருவர் சந்திரகிரியில் சோமன் என்னும் மல்லனை வீழ்த்தினார். தமையனை இழந்து நின்ற எட்டுத் தம்பியரையும் தம் மக்களாக ஏற்றுக் காத்ததால் 'எட்டுப் பேருக்கு அப்பன்' ஆனார். கொன்றவனே காப்பவனான கதை அது. எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயரன்று, பட்டம். வழிவழியாக எத்தனையோ பேர் அதைச் சுமந்தனர். ஊர்ப்பெயரில் அப்பன் இருந்த இடத்தில் ஐயன் ஒலிக்கிறான், ஐயனும் தந்தைதானே!

கட்டபொம்மு என்பதும் குடிப்பட்டமே. தெலுங்கில் திண்மையைக் குறிக்கும் 'கெட்டி' முன்னே நிற்க, கெட்டிபொம்மு கட்டபொம்மு ஆயிற்று என்பர். கதைப்பாடல்களில் உகர ஈற்றுடன் கட்டபொம்முவாகவே உலவிய பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரைக் கட்டபொம்மனாக நாடெங்கும் நிலைநிறுத்தியது அரங்கமும் திரையும். 1957இல் நாடகமாக மேடையேறி, 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் வண்ணப்படமான கதையில் சிவாசி கணேசன் முழங்கிய முழக்கம், வீரத்துக்கே ஒரு குரலை வகுத்துத் தந்தது; 1960இல் கெய்ரோ விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது. அதற்குப் பின் வீரன் என்றால் நிமிர்ந்து நின்று வரி மறுத்து உரக்கப் பேசுபவன். அவ்வளவு உயரத்தில் ஒருவரை ஏற்றினால், எதிரே பள்ளத்தில் ஒருவர் நிற்கவேண்டுமல்லவா? வி. கே. ராமசாமி நடித்த எட்டப்பன் அங்கே நின்றார். படம் பார்த்துத் திரும்பிய தலைமுறைக்கு அந்தப் பட்டப்பெயர் பொதுப்பெயராகி, 'எட்டப்பன் வேலை' என்றாலே இரண்டகம் என்று பொருள்பட்டது. வங்கத்தில் 1757இன் பிளாசிப் போருக்குப் பின் மீர் சாபர் என்னும் பெயருக்கு நேர்ந்ததும் இதுவே.

1799இல் எட்டயபுரத்தார் கும்பினியார் பக்கம் நின்றார்கள், பாஞ்சாலங்குறிச்சியை விட்டு வெளியேறிய கட்டபொம்முவைத் துரத்திக் கோலார்பட்டியில் பொருதார்கள்; இதை மறைக்க வேண்டியதில்லை. எல்லைத் தகராறும் பழம்பகையும் பின்னே இருந்தன. ஆனால் அவரைப் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் பிடித்துக் கொடுத்தவர் அச்சீமை மன்னர் விசயரகுநாதத் தொண்டைமான். 16 அக்டோபர் 1799 அன்று கயத்தாறில் தூக்குக்கயிறு விழுந்ததற்கு மிக அண்மையில் இருந்த பெயர் வசைச்சொல் ஆகவில்லை, எட்டப்பன் ஆயிற்று. வீரம் ஒரே முகமாகக் குவிந்ததால் மறைந்தவர்களும் உண்டு. இந்த வட்டாரத்து நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர்ப் பாளையங்களும் அந்த ஆண்டே பறிபோயின. நாகலாபுரத்தில் கட்டபொம்முவின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை தூக்கிலிடப்பட்டார். அவர்கள் பெயர் எதுவும் வீரத்துக்குப் பொதுச்சொல்லாகவில்லை.

எனக்கு ஆற்றாமை தருவது இன்னொன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரைப் போற்றியது இந்தப் பட்டத்தாரின் அவை. முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது இவர்கள் ஊரில். 1904இல் சுப்பராம தீட்சிதரின் இசைப் பெருநூல் அச்சேறியதும் அங்கேதான். பதினொரு வயதுச் சுப்பையாவுக்குப் 'பாரதி' என்று பெயர் சூட்டியதும் எட்டயபுரத்து அவையே. தமிழுக்கு ஒரு பெயரைக் கொடுத்த அவையின் பெயரைத்தான் தமிழர் வசையாக்கிக்கொண்டோம்.

ரகர ஈற்றையும் கவனியுங்கள். அரண்மனை மரபில் 'எட்டப்பர்' என்னும் ரகரம் மதிப்புக்காக வந்தது. கட்சி மேடையில் 'எட்டப்பர்கள்' என்னும்போது அதே ரகரம் பலரைத் திரட்டி ஏசுவதற்காக வருகிறது. இனி அகராதி தொகுப்போர் இரண்டகன் என்னும் பொருளை நீக்க முடியாது, நீக்கவும் கூடாது, ஏனெனில் வழக்கே சொல்லுக்கு உயிர். ஆனால் எட்டுப் பேருக்குத் தந்தை என்பதை முதற்பொருளாக முன்னே வைத்து, மற்றதை நாடகத்தாலும் திரையாலும் வந்த வழிப்பொருள் என்று ஆண்டோடு குறிக்கவேண்டும்.