யார் வென்றிருந்தால்? யாரைக் கேட்டு?

வரலாற்றில் தோற்றவர்களை வெல்லவைத்துப் பார்க்கும் புனைகதைகளில், காலனி நாடுகள் பெரும்பாலும் பந்தயப் பொருளாகவே வந்துபோகின்றன. ஓர் ஆதிக்கம் வெளியேற இன்னொன்று நுழைகிறது; மண்ணில் வாழ்கிறவர்கள் கொடி மாறுவதைப் பார்த்து நிற்கிறார்கள். இதை மீறிப் பார்த்த இரண்டு அமெரிக்கப் படைப்புகளை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று, ஹாரி டர்ட்டில்டவ் 1988இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்’ என்ற கதை. மற்றது, நிசி ஷால் எழுதி 2016இல் வந்த ‘எவர்ஃபேர்’ நாவல்.

டர்ட்டில்டவின் உலகில் இரண்டாம் உலகப் போரை ஜெர்மனி வென்றுவிட்டது. டெல்லியில் பிரிட்டிஷ் படை சரணடைய, இந்தியா ஃபீல்டு மார்ஷல் வால்டர் மோடலின் கைக்கு வருகிறது. உண்மையில் 1945 ஏப்ரலில், படை சிதறிய நிலையில் தற்கொலை செய்துகொண்டவர் அவர். பிரிட்டிஷாரை எதிர்த்த அதே வழியில் காந்தி மோடலையும் எதிர்க்கிறார். ஊர்வலம் வந்தவர்கள் சுட்டுத் தள்ளப்படுகிறார்கள். இறுதியில் காந்தியும் கொல்லப்படுகிறார். கதைக்குப் பின்னால் உண்மையான ஒரு விவாதம் இருக்கிறது. ஜெர்மனியின் யூதர்கள் அகிம்சை வழியில் நிற்க வேண்டும் என்று 1938 நவம்பரில் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் அதை மறுத்து அவருக்குக் கடிதம் எழுதினார். அந்த வாதத்தைத்தான் டர்ட்டில்டவ் டெல்லித் தெருவில் நிறுத்தி, ஈவிரக்கமின்றிச் சோதிக்கிறார்.

கதையின் கூர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், பிரிட்டிஷாருக்கு வெட்கப்படத் தெரிந்திருந்தது, அதனால்தான் அகிம்சை வென்றது என்று அது அடியில் ஓடவிடும் நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. ஜாலியன்வாலா பாக்கில் அரசுக் கணக்கின்படியே இறந்தவர்கள் 379 பேர். சுடச் சொன்ன டயருக்கு இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை நிதி திரட்டிக் கொடுத்தது. 1943இன் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அந்த ஆட்சி கழன்றதற்குப் போரில் வற்றிய கருவூலமும், இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) வீரர்கள் மீதான செங்கோட்டை வழக்கு எழுப்பிய கொதிப்பும், 1946 பம்பாய்க் கடற்படை எழுச்சியும் சேர்ந்தே காரணம். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ.யில் சேர்ந்த தமிழர்கள், பிரிட்டனின் எதிரியோடு கைகோத்தாவது விடுதலை பெறலாம் என்று நம்பியவர்கள். இத்தனை தரப்பும் கதையில் காந்தி, மோடல் என்ற இருவரின் மோதலுக்குள் ஒடுங்கிவிடுகின்றன.

‘எவர்ஃபேர்’ இந்த ஒடுக்கத்துக்கு நேர் எதிர். 1885 முதல் 1908 வரை காங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்து. அவர் அங்கே காலடிகூட வைத்ததில்லை. விதித்த ரப்பர் அளவு குறைந்த ஊர்களின் மீது படை ஏவப்பட்டது. தோட்டாக்களை வீணாக்கவில்லை என்று காட்ட, வீரர்கள் வெட்டிய கைகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். நாவலில், பிரிட்டனின் ஃபேபியன் சோஷலிஸ்டுகளும் கறுப்பின அமெரிக்க மிஷனரிகளும் பணம் திரட்டி, லியோபோல்டிடமிருந்தே நிலம் வாங்கி, தப்பிவருவோருக்குப் புகலிடமாக ஒரு நாட்டை உருவாக்குகிறார்கள். அங்கே நீராவியால் வான்கலங்கள் பறக்கின்றன. கையிழந்தவர்களுக்கு உலோகக் கைகள் பொருத்தப்படுகின்றன.

நாவல் இங்கே நிறைவடைந்திருந்தால் நல்லவர்கள் வென்ற கதையாகியிருக்கும். ஆனால் அந்த மண்ணின் மன்னர் முவெண்டா பேசுகிறார். தன் நாட்டை விற்க லியோபோல்டுக்கு உரிமை ஏது? விற்றவனுக்கே இல்லாத உரிமை வாங்கியவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அடைக்கலம் தர வந்தவர்கள் சட்டம் வகுக்கிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தங்களுக்குள் சண்டையிடுகிறார்கள், ஊர்க்காரர்களுக்காக முடிவெடுக்கிறார்கள். பிற்பகுதியில் வெள்ளையர் வெளியேற வேண்டும் என்று முவெண்டா சொல்லும்போது, அவர்களில் பலரை நேசிக்கத் தொடங்கிவிட்ட வாசகருக்கும் வலிக்கிறது. அந்த வலியைத் தவிர்க்காததே நிசி ஷாலின் பெருமை. பாத்திரக் கூட்டம் அதிகம், காலம் தாவித்தாவிப் போகிறது, சில அத்தியாயங்கள் மனத்தில் பதியுமுன்பே முடிகின்றன. கட்டுக்கோப்பில் டர்ட்டில்டவே மேல். இருந்தும் நான் திரும்பப் படிப்பது ‘எவர்ஃபேரை’த்தான்.

வெட்கப்படாத ஆட்சியை அகிம்சை வெல்லுமா என்று டர்ட்டில்டவ் எழுப்பும் கேள்விக்கு உண்மையான காங்கோவே ஒரு பதில் வைத்திருக்கிறது. லியோபோல்டு வெட்கப்படவில்லை. ஆனால் மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸ் அங்கே எடுத்த புகைப்படங்களும், 1904இல் வெளிவந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கையும், பத்திரிகையாளர் எட்மண்ட் மோரலின் ஓயாத பிரச்சாரமும் மற்றவர்களை வெட்கப்படவைத்தன. ஆளுகிறவனின் மனம் கல்லானாலும் அவனைச் சூழ்ந்த உலகைக் கலங்கவைக்க முடியும். மோடலின் டெல்லியில் செய்தி வெளியே போக வழியில்லை. காந்தியின் தோல்வியில் அதற்கும் பங்குண்டு. காங்கோவின் வெற்றியும் அரைகுறைதான். 1908இல் மன்னரிடமிருந்து பெல்ஜிய அரசுக்குக் கைமாறிய நாடு, விடுதலைக்கு 1960வரை காத்திருந்தது. கைமாற்றத்தின்போது காங்கோ மக்களை யாரும் கேட்கவில்லை.

நம் கடற்கரையிலும் இது நடந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை, 1748 எக்ஸ்-லா-ஷபேல் உடன்படிக்கைப்படி பிரிட்டிஷாருக்குத் திரும்பியது. பதிலுக்கு வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டை பிரான்சுக்குப் போனது. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி வென்றிருந்தால் என்று தமிழில் ஒருவர் நாவல் தொடங்கினால், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அவருக்கு அள்ளக் குறையாத சுரங்கம். அந்த நாவலில் புதுச்சேரி ஆளுநராயிருந்த துய்ப்ளேயின் தர்பாரைக் கடந்து, தங்கள் ஊர் ஏதோ ஒரு தூரத்துக் கோட்டைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதைச் சென்னை நெசவாளர்கள் கேள்விப்படும் அத்தியாயத்தைத்தான் முதலில் தேடுவேன்.