தேவசகாயத்தின் எலும்புகளும் உயிர்த்தெழும் உடலும்

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னர் மார்த்தாண்டவர்மர் அரசில் அலுவலராக இருந்த நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை இவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்பதன் தமிழ் வடிவமான தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். உடலை அடக்கம் செய்ய விடாமல் காட்டில் எறிந்தார்கள். விலங்குகள் தின்றதுபோக மிஞ்சிய எலும்புகளைச் சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் திரட்டிக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள் என்பது மரபு. 2022 மே 15 அன்று திருச்சபை இவரைப் புனிதராக அறிவித்தது. உடலின் உயிர்ப்பை நம்புவதாக ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடும் சபை இக்கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: விலங்கின் வயிற்றுக்குள் போன தசை உயிர்த்தெழுமா, கோட்டாற்றில் இருக்கும் எலும்பு மட்டும் எழுமா? கேள்வியின் அடிப்படையே தவறு என்பது என் வாதம். உயிர்த்தெழும் உடல் பழைய துணுக்குகளின் மறுசேர்க்கை அன்று. உடலைக் கழற்றிப் போட்ட ஆவியும் அன்று. வாழ்ந்து, அடிபட்டு, இறந்த அதே ஆள், தன் வரலாறு அழியாமல், சாவு தொட முடியாத உடலோடு எழுவதே அது.

சிதறிய உடல் பற்றிய ஐயம் புதிதன்று. கி.பி. 177இல் லியோன் நகரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். உயிர்ப்பின் நம்பிக்கையையே அடித்துச் செல்ல வேண்டும் என்பது நோக்கம் என்று வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் காத்துவைத்த கடிதம் கூறுகிறது. மனிதனை மனிதன் தின்றால் அந்தத் தசை யாருக்குச் சேரும் என்று இந்த நம்பிக்கையின் எதிரிகள் கேட்டார்கள். முதலில் யாருடையதோ அவருக்கே திரும்பும் என்றார் அகுஸ்தீன். பொருளைக் கணக்குப் பார்த்துப் பங்கிடும் இந்த விடை, அடுத்த கேள்விக்கு இடம் கொடுத்துக்கொண்டே போகும். இதைவிட உறுதியான தளத்தில் நின்றவர் தாமஸ் அக்குவினாஸ். உயிரோடு இருக்கும்போதே உடலின் பொருள் வந்து சேர்ந்தும் கழிந்தும் மாறிக்கொண்டிருக்கிறது; ஆனாலும் குழந்தையும் கிழவரும் ஒரே ஆள்தான். ஆகவே ஒருவர் உடலில் எப்போதோ இருந்த பொருள் அனைத்தும் திரும்பிச் சேர வேண்டியதில்லை என்றார் அவர். விலங்கு தின்ற தசையைத் தேடும் வேலை இதோடு முடிகிறது.

அப்படியானால் உடலே எதற்கு, ஆன்மா போதாதா? இந்த இரண்டாம் மறுப்பே வலுவானது. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் இந்துவும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் பலருக்கும், இறந்தபின் என்ன ஆகும் என்று கேட்டால், ஆன்மா மோட்சம் போகும் என்ற பதிலே வாயில் வரும். சைவ சித்தாந்தத்தில் உடல் மாயையிலிருந்து உயிருக்குக் கிடைத்த கருவி. முத்தியில் அதன் பணி முடிகிறது. உடலை இழிவாகப் பார்க்காத மரபும் தமிழில் உண்டு: திருமூலர் உடம்பைப் பேணச் சொன்னார், 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்ற வள்ளலார் ஒளியுடம்பு பெற்றார் என்று அன்பர்கள் நம்புகிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் அங்கே உடல் ஒளியாகிக் கண்ணுக்கு மறைகிறது. நற்செய்திகளில் உயிர்த்த இயேசு சீடர்கள் முன் மீன் உண்கிறார், ஆணி பாய்ந்த கைகளைக் காட்டுகிறார். மயிலாப்பூரில் கல்லறை உள்ளதாக நம்மவர் போற்றும் தோமா, அவரை அடையாளம் காணக் கேட்டது அந்தக் காயங்களையே. அதே உடல் பூட்டிய கதவுக்குள்ளும் வருகிறது. எம்மாவுஸ் வழியில் கூட நடந்தவர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. இந்த உயிர்ப்பு, இயேசு சாவிலிருந்து எழுப்பிய லாசருக்கு நடந்தது போன்றதும் அன்று. லாசர் பழைய வாழ்வுக்கே திரும்பினார். மீண்டும் இறக்க வேண்டியவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் விதையையும் பயிரையும் காட்டியது இதற்காகத்தான்: விதைத்தது ஒன்று, முளைப்பது வேறு உருவம், ஆனாலும் அந்த விதையின் பயிர்தான் அது.

காயம் நிலைத்தால் துன்பமும் நிலைக்குமே என்று சொல்லலாம். மறைசாட்சிகளின் தழும்புகள் அங்கே குறையாக அன்றி மாண்பாகத் தெரியும்; வெட்டுண்ட உறுப்போ முழுமை பெறும் என்று ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசிப் பகுதியில் அகுஸ்தீன் கருதினார். மேற்சொன்ன கணக்கைவிட இந்த இடத்தில்தான் அவர் ஆழமாகப் பேசுகிறார் என்பேன். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்று அவமானப்படுத்தப்பட்ட உடல் தேவசகாயத்தினுடையது. அந்த உடலைத் துடைத்துவிட்டு ஓர் ஆன்மாவை மட்டும் மீட்டால், கொன்றவர்கள் அழித்தது அழிந்தே போகும். உடலின் உயிர்ப்பு அநீதிக்கான பதிலும்கூட.

துணுக்குகள் முக்கியமில்லை என்றால் எலும்பைப் போற்றுவது ஏன்? நம்பிக்கை எலும்பைச் சார்ந்து நிற்பதால் அன்று. அந்த எலும்பு ஓர் ஆளுடையது என்பதால். சாம்பலுக்கும் இதே நியாயம்தான். 2020 ஜூலையில் ஆலப்புழை மறைமாவட்டம் கொரோனாவில் இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்திலேயே எரித்துச் சாம்பலை அங்கேயே அடக்கம் செய்ய இசைந்தது. தோண்டினால் தண்ணீர் ஊறும் மண் அது. ஆழக் குழி வெட்ட வழியில்லை. 1963இலேயே வத்திக்கான் தகனத்துக்கான தடையை நீக்கியிருந்தது. அதன் 2016ஆம் ஆண்டு அறிவுரை சாம்பலைத் தூவுவதை மறுத்தது. எரிப்பதால் உயிர்ப்பு தடைபடாது, ஆனால் சாம்பலுக்கும் ஓர் ஆளுக்குரிய மரியாதை வேண்டும் என்ற இரண்டும் இதில் ஒன்றாக நிற்கின்றன. சாவு வீட்டிலும் கல்லறைத் திருநாளிலும் ஆன்மாவைப் பற்றி மட்டும் பேசும் நம் போதகர்கள், உடலைப் பற்றியும் பேச வேண்டும்.