காஞ்சி யோகினியும் லா ஷப்பேல் இடியப்பமும்

பாரீஸில் கீமே என்றொரு ஆசியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1889-ல் திறந்தார்கள். நிறுவியவர் லியோன் நகரத்துத் தொழிலதிபர் எமில் கீமே. அவருடைய தகப்பனார் செயற்கை நீலம் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். வெள்ளை வேட்டிக்கு அந்தக் காலத்தில் நீலப்பொடி போடுவோமே, அந்த வகை நீலம்தான். அந்த நீலத்தில் வந்த காசில் எழும்பியது இந்த மாளிகை.

சில வருடங்களுக்கு முன் தம்பி மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். ஒரு நாள் காலை நானும் மனைவியும் மட்டும் கீமே பார்க்கக் கிளம்பினோம். நான் படித்ததெல்லாம் புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அதனால் துணைக்கு ஆள் தேவைப்படவில்லை. தரைத்தளத்திலேயே நம் தென்னாட்டுச் சிற்பங்கள். சோழர் காலத்து நடராஜர் முன்னால் கூட்டம் நின்றது. என் மனைவி அதைத் தாண்டிப் போய் ஒரு கல் சிற்பத்தின் முன் நின்றுவிட்டாள்.

அது ஒரு யோகினி. நாலு கை, உட்கார்ந்த கோலம், தீக்கொழுந்து மாதிரி விரிந்த தலைமுடி. பத்தாம் நூற்றாண்டு, காஞ்சிபுரம் பகுதி. நம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்! தன்பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பொருளைக் கண்டாலும் எங்கிருந்து வந்தது, யார் மூலம் வந்தது என்று பார்க்காமல் இருக்க முடியாது. மனைவி கேட்டது வேறு. "யோகினின்னா கூட்டமாத்தானே இருப்பாங்க, மத்தவங்க எங்கே?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ழூவோ-துப்ரேய் கதையைச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரி காலனியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் அவர். பல்லவர், சோழர் கோயில்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து 1914-ல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி இரண்டு பாகம் வெளியிட்டார். அதை அச்சிட்ட வரிசையே கீமே அருங்காட்சியகத்தின் வரிசைதான். அவர் செய்த பெரிய காரியம், கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் காலம் சொல்ல வழி காட்டியது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கும் போதிகையைப் பார் என்றார். பல்லவர் காலத்தில் அது சுருள் சுருளாக வளைந்திருக்கும், சோழர் காலத்தில் கோணமாக வெட்டுப்படும், விஜயநகரக் காலத்தில் பூமொட்டாகக் கீழே தொங்கும். அடுத்த முறை எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் அண்ணாந்து பாருங்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931-ல் கண்டுபிடித்தவரும் இவரே.

அதே மனிதர்தான் 1926 வாக்கில் காஞ்சிப் பக்கம் இந்த யோகினிகளைச் சேகரித்து, பாரீஸில் கலைப்பொருள் வியாபாரம் செய்த சீனர் சி.டி. லூவுக்கு அனுப்பினார். லூ ஒவ்வொன்றாக விற்றார். இன்று ஒருத்தி லண்டனில், ஒருத்தி வாஷிங்டனில், ஒருத்தி டொரொண்டோவில், ஒருத்தி டெட்ராய்ட்டில், ஒருத்தி மினியாபொலிஸில். ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947-லும், இப்போதுள்ள தொல்பொருள் சட்டம் 1972-லும்தான் வந்தன. ஆகவே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே கோயிலில் கூடியிருந்தவர்களைத் தனித்தனியாகப் பிரித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. போதிகையின் வளைவைக்கூடக் கவனித்த கண்ணுக்கு இது தெரியாமலா போயிற்று?

திரும்பக் கேட்கலாமே என்பீர்கள். உத்தரப் பிரதேசத்து லோகாரி கிராமத்திலிருந்து களவு போன ஒரு யோகினி பாரீஸில் ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தது. அவர் மனைவி அதை நம் தூதரகத்தில் ஒப்படைக்க, 2013-ல் தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. காஞ்சி யோகினிகள் விஷயம் அப்படியல்ல. அவர்களுடைய கோயிலே இப்போது இல்லை, இருந்த இடமும் இன்னதென்று தெரியாது.

வெளியே வந்து மெட்ரோ பிடித்தோம். இரண்டாம் எண் பாதையில் கூர்செல் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் லூவின் கடை இருந்த கட்டிடம். சுற்றிலும் சாம்பல் நிற பாரீஸ் வீடுகள், நடுவில் சிவப்புச் சீனப் பகோடா. இதுவும் 1926-ல் உருமாறியதுதான். மனைவிக்குக் கால் வலி, பசி வேறு. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

அதே பாதையில் போனால் லா ஷப்பேல். எண்பதுகளில் இருந்து வந்து சேர்ந்த ஈழத்தமிழர் கடைகள் தெரு முழுக்க. கறிவேப்பிலை, முருங்கைக்காய், நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் தமிழ்ப் பலகையோடு. ஒரு சின்ன உணவகத்தில் நுழைந்தபோது மணி மூன்று.

"ஐயா, சோறு முடிஞ்சுது. இடியப்பம் இருக்கு, சொதியும் சம்பலும் தரட்டோ?" என்றார் பரிமாறியவர். ஐம்பது வயதிருக்கும்.

நம் வீட்டில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும்தான். மஞ்சள் போட்ட இந்தச் சொதியின் ருசியே தனி. சம்பல் காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. நான் மூன்று இடியப்பத்தோடு நிறுத்திக்கொண்டேன், மனைவி ஐந்து. வடையும் சூடாக வந்தது.

கூட்டம் குறைந்ததும் அவரே வந்து பேச்சுக் கொடுத்தார். காஞ்சிபுரம் பக்கம் என்றதும், "பட்டுச்சீலை" என்று சிரித்தார். கூடப் பிறந்தவர்கள் ஊரில் இருக்கிறார்களா என்று என் மனைவி கேட்டாள்.

"ஊரில ஒருத்தரும் இல்லை அம்மா. வீடும் இப்ப இல்லை. அக்கா டொரொண்டோவில, அண்ணை லண்டனில. எல்லாரும் ஒண்டாச் சந்திச்சு இருபது வருசம்."

மனைவி என்னைப் பார்த்தாள். அவர் இன்னும் இரண்டு வடையைக் கொண்டுவந்து வைத்து, இதற்குக் காசு வேண்டாம் என்றார்.