பாலியல் சிகிச்சை: தொடக்க அமர்வுகள்

பாலியல் சிகிச்சை என்பது நாட்டக் குறைவு, விறைப்புக் குறைபாடு, விந்து முந்துதல், உறவின்போது வலி போன்றவற்றுக்குப் பேச்சு, வீட்டுப் பயிற்சி ஆகியவற்றின் வழியாகத் தரப்படும் உளவியல் சிகிச்சை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். அவர்களது முறை 1970இல் நூலாக வெளிவந்தது. அங்கே வந்த தம்பதியர் இரண்டு வாரம் தங்கி, ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரு சிகிச்சையாளர்களை நாள்தோறும் சந்தித்தார்கள்.

இன்று பெரும்பாலும் ஒரே சிகிச்சையாளர்தான். தனியாகவும் போகலாம், துணையோடும் போகலாம்.

முதல் அமர்வு முழுக்கக் கேள்விகள். சிக்கல் எப்போது தொடங்கியது? எப்போதும் இருக்கிறதா, சில சமயம் மட்டுமா? காலையில் விறைப்பு இயல்பாக வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில், காரணம் உடலிலா மனத்திலா என்பதற்குத் துப்புக் கொடுக்கும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மனச்சோர்வுக்கு உண்ணும் மாத்திரைகள் எல்லாம் விசாரிக்கப்படும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். சிகிச்சையாளர் முன் ஆடை களைவதோ, அவர் தொடுவதோ பேச்சுவழிச் சிகிச்சையில் கிடையாது.

அடுத்து வருவது வீட்டுப்பாடம். மாஸ்டர்ஸ்–ஜான்சன் வகுத்த தொடுகைப் பயிற்சியில் முதலில் உடலுறவுக்கே தடை! மார்பையும் பிறப்புறுப்பையும் தவிர்த்து, ஒருவர் மற்றவரைத் தொடுவார். பிறகு முறை மாறும். சூடு, அழுத்தம், தோலின் வழவழப்பு ஆகியவற்றில் மட்டுமே கவனம். ‘நம்மால் முடியுமா’ என்ற பதற்றம் தணிந்த பிறகே தடை படிப்படியாகத் தளர்த்தப்படுகிறது.