சிவப்புக் கம்பளிப்புழு

மானாவாரி நிலக்கடலையைத் தாக்கும் அந்துப்பூச்சியின் புழுப் பருவம். அறிவியல் பெயர் அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா. தென்னிந்தியாவின் செம்மண் புன்செய்களில் பரவலாகக் காணப்படும். திருவண்ணாமலை – செஞ்சி சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரைப் போல, மழையை நம்பி மல்லாட்டை எனும் நிலக்கடலையை விதைக்கும் வட்டாரங்களே இதற்குத் தோதானவை.

1860களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பூச்சிகளைப் பட்டியலிட்ட பிரான்சிஸ் வாக்கர் இதற்குப் பெயரிட்டார். அதே நூற்றாண்டின் பிற்பாதியில் ஆற்காட்டுக் கொல்லைகளில் நிலக்கடலை பெருகியது. விளைச்சல் புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர், உள்ளூர்ப் பூச்சிக்குத் தீனியானது. ஊர் முழுக்க ஒரே பயிர், அதுவும் ஒரே பட்டத்தில் என்றானபின் புழு பெருகியதில் வியப்பில்லை.

ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே தலைமுறைதான். ஆனி, ஆடியில் நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப்பூச்சிகள் மாலையில் மண்ணைவிட்டு வெளிவரும். முன்சிறகு பழுப்பு, அதில் வெண்கோடுகள், விளிம்பில் மஞ்சள் பட்டை. பின்சிறகு வெள்ளை, அதில் கரும்புள்ளிகள். ஒரு தாய்ப்பூச்சி இலையடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இடும். இளம்புழுக்கள் கூட்டமாக இலையின் பச்சையத்தைச் சுரண்டும். அந்த இலை சல்லடையாகத் தெரியும். வளர்ந்த புழு 5 செ.மீ. நீளம், செம்பழுப்பு மயிர். ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டு வரப்பைத் தாண்டி அடுத்த கொல்லைக்குப் படையாகப் போகும். பின்பு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஆண்டு மழைவரை உறங்கும்.

கார்த்திகையில் ஏற்றும் தீபமும் சொக்கப்பனையும் பயிர்ப் பூச்சிகளை ஒழிக்கத்தான் என்று சொல்வோர் உண்டு. இந்தப் பூச்சிக்கு அது பொருந்தாது. கார்த்திகையில் இது மண்ணுக்கடியில் கிடக்கும். விளக்கு வைக்க வேண்டியது ஆனி, ஆடி மழையை அடுத்த இரவுகளில்.

சென்னை மாகாண அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல் 1914இல் வெளியானது, டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வந்தது. இடையே 1919இல் இயற்றப்பட்ட சென்னை விவசாயப் பூச்சி, நோய்கள் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அறிவிக்கப்பட்ட பூச்சியை ஒழிக்க நிலக்காரர் எல்லோரையும் கட்டாயப்படுத்த அது அரசுக்கு அதிகாரம் தந்தது. வரப்பு தாண்டும் புழு விஷயத்தில் இப்படியொரு கட்டாயம் நியாயமே: பத்துப் பேர் மருந்தடித்து ஒருவர் சும்மா இருந்தால் பதினொரு கொல்லையும் போகும்.

விடுதலைக்குப் பின் பி.எச்.சி. பூச்சிக்கொல்லித் தூள் மூட்டை மூட்டையாகத் தூவப்பட்டது. 1997இல் அது தடை செய்யப்பட்டது. பெரிய புழுவை மருந்து எளிதில் சாய்ப்பதுமில்லை. 1970களில் கோவை ஆய்வாளர்கள் இப்புழுவைத் தாக்கும் என்.பி.வி. நச்சுயிரியை ஆராய்ந்தனர். நோய்கண்ட புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும்; அதைக் கரைத்து வடிகட்டித் தெளித்தால் மற்றவற்றுக்கும் நோய் தொற்றும்.

இன்றும் சொல்லப்படும் முறைகள் பழையவையே. மழைக்குப் பின் இரவு 11 மணிவரை விளக்குப்பொறி, தீப்பந்தம். ஓரங்களில் பொறிப்பயிராக ஆமணக்கு, தட்டைப்பயறு. முட்டைக் குவியல் உள்ள இலைகளைக் கிள்ளி அழித்தல். கொல்லையைச் சுற்றி ஓர் அடி ஆழத்தில் செங்குத்தான பள்ளம். கோடை உழவில் புரளும் கூட்டுப்புழுக்களைக் காக்கையும் மைனாவும் கொத்தும். ஆனால் கூட்டுப்புழுக்கள் மிகுதியாகத் தங்குவது வரப்பிலும் மரநிழலிலும். அங்கே கலப்பை எட்டாது, மண்வெட்டியால்தான் கொத்திவிட வேண்டும்.